பூட்டிய வீடுகளும் தனி அடுப்புகளும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்துடன் இரண்டு நாள் செட்டிநாட்டுக்குச் சென்று வந்தேன். காரைக்குடியில் தங்கி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் ஆகிய ஊர்களைப் பார்த்தோம். கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் ஓரிரு வீடுகளைத் தவிர மற்றவை பூட்டிக் கிடந்தன. தெருத்தெருவாக இவ்வளவு பெரிய வீடுகளைக் கட்டிவிட்டு ஆளில்லாமல் போட்டிருப்பதைக் கண்டபோது வியப்பைவிட எரிச்சலே மிஞ்சியது. பணத்தைக் காட்டிக்கொள்வதைத் தவிர இவற்றுக்கு வேறு நோக்கம் இருந்ததா? சாப்பாடும் ஏமாற்றம்தான். எங்கள் ஊர் 'செட்டிநாடு' ஓட்டல்களில் கிடைக்கும் அதே காரம், அதே எண்ணெய். மறுபடி போவதென்றால் எதை, எப்படிப் பார்க்க வேண்டும் என்று எழுதுவீர்களா?

ச.,
கோவை

அன்புள்ள ச.,

உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. முதல்முறை போனபோது நானும் அதே எரிச்சலுடன்தான் ஊர் திரும்பினேன். ஒரு குடும்பம் அன்றாடம் குடியிருக்கக் கட்டிய வீடு என்று நினைத்துக்கொண்டு பார்ப்பதுதான் நம்மைக் குழப்புகிறது. ஆண்கள் இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் சைகோனிலும் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில், கல்யாணம், பேறு, சாவு, முன்னோருக்கான படைப்பு என்று எது வந்தாலும் பங்காளிகள் அத்தனை பேரும் வந்து சேர்வதற்கு ஊரில் ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில்தான் இந்த வீடுகள் எழுந்தன.

முகப்பைத் தாண்டி உள்ளே போனால் வானம் பார்த்த முற்றத்துடன் வளவு. அதன் இரு பக்கமும் வரிசையாக அறைகள். அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு. வளவைச் சுற்றியுள்ள அறைகளைத்தான் நீங்கள் கவனித்திருக்க வேண்டும். மணமான ஒவ்வொரு மகனுக்கும் அவற்றில் ஒரு பங்கு உண்டு. இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தாரிடையே, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடையே, மணமான தம்பதியை ஒரு 'புள்ளி' என்று கணக்கிடுவார்கள். கல்யாணம் முடிந்த சில காலத்தில் மகனையும் மருமகளையும் 'வேறு வைப்பார்கள்'. தனிக்குடித்தனம் என்றால் வெளியே போவதல்ல. அதே கூரையின் கீழ் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், அளந்து கொடுத்த அரிசி பருப்பு. முற்றமும் சாமியும் பொது, உலை மட்டும் வேறு. கூட்டுக்குடும்பத்தின் சண்டையில் பாதி அடுப்படியில்தான் பிறக்கிறது என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு இது என்பது என் எண்ணம்.

சில ஆண்டுகளுக்கு முன் கடியாபட்டியில் ஒரு வீட்டைக் காவல் பார்க்கும் அம்மாள் எங்களுக்காகத் தெருக்கதவைத் திறந்துவிட்டார். வளவில் எட்டுக் கதவுகள், எட்டுப் பூட்டுகள். ஒன்று உள்ளங்கை அகலப் பழைய பித்தளைப் பூட்டு. அடுத்தது கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றப்படாத புதுப் பூட்டு. அதைக் காட்டி, "இது மலேசியாவுல இருக்கவுகளுது. மூணு வருசத்துக்கு முந்தி கல்யாணத்துக்கு வந்து தொறந்தாக" என்றார். கைவிட்ட வீட்டுக்கு யாரும் புதுப் பூட்டு வாங்குவதில்லை.

அந்தப் பூட்டுகளில்தான் வீட்டின் சங்கடமும் இருக்கிறது. மூன்று தலைமுறையில் எட்டுப் பங்கு நாற்பதாகிவிடும். கூரை ஓடுகளை மாற்ற நாற்பது பேரும் ஒப்ப வேண்டும். ஒருவர் முகம் திருப்பினால் அடுத்த மழையும் வளவுக்குள்தான் பெய்யும். இந்த ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியல் பங்காளிகளைச் சேர்த்துவைக்காது. ஆனால் விற்பதற்கும் அதே நாற்பது கையெழுத்து வேண்டும் என்பதால்தான் இத்தனை வீடுகள் இன்னும் நிற்கின்றன. ஒப்புக்கொண்டவர்களின் தூண்களையும் நிலைகளையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பார்க்கலாம். அங்கே ஒரு பித்தளைத் தூக்கை எடுத்து ஓரத்தைப் பாருங்கள். பெண்ணுக்குச் சீர் கொடுத்த தகப்பனாரின் விலாசம், அதாவது தலைப்பெழுத்துகள், பொறித்திருக்கும். யார் கொடுத்தது என்பது பாத்திரம் உள்ளவரை மறக்காது.

பணத்தைக் காட்டிக்கொள்ளவா என்று கேட்டிருக்கிறீர்கள். அதுவும் உண்டு, மறுக்க மாட்டேன். பெல்ஜியம் கண்ணாடியும் இத்தாலியப் பளிங்கும் மழைக்கு ஒதுங்குவதற்காகக் கப்பலேறி வரவில்லை. அதைவிட எனக்கு உறுத்துவது அந்தப் பணம் வந்த வழியின் ஒரு பகுதி. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் சுமார் 6 சதவீதம் செட்டியார்கள் கையில் இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது 25 சதவீதமானது. உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, கடனைக் கட்ட முடியாத குடியானவரின் வயல் கடன் கொடுத்தவரிடம் வந்து சேர்ந்தது. கடன் கொடுத்தவருக்கு வேண்டியது ரொக்கம், கிடைத்ததோ விற்க முடியாத நிலம். பர்மியருக்கு ஆறாத கோபம். 1942இல் ஜப்பானியர் படை வந்தது, 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது, எல்லாம் போயிற்று. நாம் தடவிப் பார்த்து மெச்சும் தேக்குத் தூணில் அந்தக் குடியானவரின் வயலும் இருக்கிறது. அதே சமூகத்தைச் சேர்ந்த அழகப்பச் செட்டியார்தான் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வீட்டில் சேர்த்த நூல்கள்தான் இன்று சென்னையில் அவர் பெயரால் நூலகமாக இருக்கின்றன. இவற்றைக் கூட்டிக் கழித்து ஒரு விடை சொல்ல எனக்கு வரவில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மசாலா தூக்கலான கோழி வறுவலை மட்டும் சாப்பிட்டுவிட்டுச் செட்டிநாட்டுச் சமையலைப் பற்றி முடிவு கட்டாதீர்கள். நகரத்தார் கல்யாணப் பந்தி சைவம். கைத்திறன் தெரிவது பலகாரத்திலும், அரிசி களைந்த மண்டியில் வேகும் வெண்டைக்காய் மண்டியிலும்தான். வெள்ளைப் பணியாரத்துக்கு ஓர் அளவு சொல்வார்கள்: ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும், கோபுரத்தில் நிற்கும் உளுந்துதான் கணக்கு. வெண்ணெயாக அரைத்து, காய்ந்த எண்ணெயில் ஒரு நேரத்தில் ஒரு கரண்டி மாவு. பணியாரம் உப்பி எழ வேண்டும், ஆனால் சிவக்கக் கூடாது. பர்மாவிலிருந்து வந்த கவுனி அரிசியைச் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்த்துக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். தங்குமிடத்தில் முதல்நாள் இரவே சொல்லிவைக்க வேண்டும், அரிசி ஊற வேண்டும் அல்லவா?

அடுத்த முறை ஒரே ஊரில் தங்கி நடந்து பாருங்கள். முகப்பு ஒரு தெருவிலும் கொல்லைக்கதவு அடுத்த தெருவிலும் இருக்கும். அந்தப் பின்தெருவில் நடந்தால்தான் வீட்டின் நீளம் காலுக்குத் தெரியும். ஆத்தங்குடியில் காலை வேளையில் ஏதேனும் ஒரு தரைக்கல் பட்டறைக்குப் போங்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் நிற்கும். அதன்மேல் மணலும் சிமெண்டும். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறியே கல் இறுகும். கண்ணாடி கழன்று வரும்போது அதன் பளபளப்பு கல்லில் தங்கிவிடுகிறது.

போவது தை, வைகாசி, ஆவணி போன்ற கல்யாண மாதமாக இருக்கட்டும். ஏதாவது ஒரு முகப்பில் வாழைமரம் கட்டியிருந்தால் தயங்காமல் திண்ணையருகே நின்று, வீட்டைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டு நின்ற ஒரு வீட்டில், பதில் சொல்வதற்கு முன்பே இலை போட்டுவிட்டார்கள்.