5.8 தானே என்று கிளம்பிவிடலாமா?

கேள்வி: டொரன்டோவில் மூன்று வருடமாக உள்ளரங்கச் சுவரில் ஏறிப் பழகுகிறேன். 5.11 தரம் வரை (பாறையேற்றத்தில் பாதையின் கடினத்தைச் சொல்லும் எண்; 5.8ஐவிட 5.11 கடினம்) சமாளிப்பேன். வரும் ஆகஸ்டில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள புகபூ ஸ்பயர் என்ற மலைச்சிகரத்தின் வடகிழக்கு முகட்டுக்கு நண்பன் கூப்பிடுகிறான். அது வெறும் 5.8 தானாம். தயங்கினால் பயந்தாங்கொள்ளி என்கிறான். போகலாமா?

பதில்: தம்பி, உங்கள் விரல் பலத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் மத்தியானம் இரண்டு மணியைப் பற்றித்தான்.

1958இல் முதன்முதலாக ஏறப்பட்ட பாதை அது. அங்கே கலர் கலராகப் பிடிகள் கிடையாது. கருங்கல் வெடிப்புக்குள் கையை நுழைத்து, கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் மடக்கி, கை இறுகிக்கொண்டதும் உடம்புப் பாரத்தை அதில் போட வேண்டும். புறங்கைத் தோல் உரியும். சுவரில் 5.11 ஏறுகிறவர்கள் இந்த 5.8இல் திணறுவது சகஜம். முதலில் அதே மாகாணத்தின் ஸ்குவாமிஷ் ஊர்ப் பாறைகளில் இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

சரி, 3,204 மீட்டர் உச்சிக்குப் போயாச்சு என்றே வைத்துக்கொள்வோம். பாதி வேலைதான் முடிந்திருக்கும். வடக்கு உச்சியிலிருந்து தெற்கு உச்சிக்குக் குறுகிய முகட்டில் நகர்ந்து, 1916இல் மலை வழிகாட்டி கான்ராட் கெய்ன் ஏறிய பாதை வழியாகக் கயிறு போட்டு இறங்க வேண்டும். அப்புறம் ஸ்னோபேட்ச் கணவாயின் செங்குத்துப் பனிச்சரிவு. பனியாறு சுருங்கச் சுருங்க அங்கே கல் உருள்வது அதிகமாகியிருக்கிறது. கோடை மத்தியானங்களில் இடி மின்னல் வேறு. முகட்டில் பாதியைத் தாண்டிவிட்டால் வந்த வழியே திரும்புவதும் லேசில்லை. அதனால்தான் இருட்டிலேயே கிளம்புகிறார்கள்.

நண்பனிடம் ஒன்று கேளுங்கள்: எத்தனை மணிக்கு எந்த இடத்தைத் தொடாவிட்டால் திரும்புவோம்? பதில் இருந்தால் அவனோடு போகலாம். சிரித்து மழுப்பினால் வேறு துணை தேடுங்கள். பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட்டுப் போகட்டும்! கணவாயின் நிலைமையை, மலையேறுகிறவர்கள் தங்கும் கெய்ன் குடிலின் பொறுப்பாளரிடம் அன்றன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். செல்பேசியை நம்பாமல் செயற்கைக்கோள் கருவி ஒன்றை எடுத்துப் போங்கள்.

கார் நிறுத்துமிடத்தில் வண்டியைச் சுற்றிக் கோழிவலை கட்ட மறக்க வேண்டாம். விளையாட்டில்லை, அங்குள்ள முள்ளம்பன்றிகள் பிரேக் குழாயையும் டயரையும் கடித்துவிடும்.