பிரதமர் வேட்பாளர் யார்?

கேள்வி: அடுத்த மக்களவைத் தேர்தலுக்கு முன்பே எதிர்க்கட்சிகள் ஒரே குரலில் பிரதமர் வேட்பாளரை அறிவித்துவிட்டால் ஆளுங்கட்சியைச் சாய்த்துவிட முடியாதா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: முடியாது. 1977-இல் மொரார்ஜி தேசாய் பிரதமர் என்று முடிவானது வாக்கு எண்ணிய பிறகுதான். 2004-இல் மன்மோகன் சிங்கை மனத்தில் வைத்து யார் ஓட்டுப் போட்டார்கள்? பெயர் சொல்லாமலே இரண்டு முறை ஆட்சி மாறியிருக்கிறது. 1971-இல் பெரிய கட்சிகள் சில கைகோத்து, இந்திராவை வெளியேற்றுவோம் என்றன. அவருக்குக் கிடைத்தது 352 இடம்.

முதல் தலைவலி தொகுதிப் பங்கீடு. டெல்லியில் தோளோடு தோள் நிற்கும் காங்கிரசும் இடதுசாரிகளும் கேரளத்தில் ஒருவரையொருவர் தோற்கடிக்கத்தான் கட்சி நடத்துகிறார்கள். 2024-இல் வங்கத்தில் மம்தா தனி, பஞ்சாபில் ஆம் ஆத்மி தனி. 2023 ஜூனில் பாட்னாவில் எல்லோரையும் கூட்டி விருந்தோம்பிய நிதிஷ் குமார், மறு ஜனவரியில் பா.ஜ.க. அணிக்கே போய்விட்டார். (அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அது அவருக்குப் பழக்கம்.) பண பலம் எந்தப் பக்கம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை வாக்குச்சாவடியில் இருக்கிறது. உங்கள் வேலூர் தொகுதியையே பாருங்கள். பணப் பறிமுதலுக்குப் பிறகு 2019 ஏப்ரலில் ரத்தாகி, ஆகஸ்டில் நடந்த தேர்தல். தேனி தவிர எல்லா இடங்களையும் அள்ளியிருந்த தி.மு.க. அணி இங்கே வென்றது வெறும் 8,141 வாக்கு வித்தியாசத்தில். சுமார் 1,500 சாவடிகள் என்று வைத்துக்கொண்டால், சாவடிக்கு ஐந்தாறு ஓட்டு. ஆம்பூரில் தோல் தொழிற்சாலை வேலைக்காக வாடகை வீடு மாறிய ஒரே குடும்பத்தில் அத்தனை ஓட்டு இருக்கும். முகவரி மாற்றப் படிவம் 8 ஒன்று உண்டு. அதை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பிக் கொடுக்க எந்தக் கட்சிக்காரர் போனார்?

வாக்குப்பதிவு நாளிலும் இதே கதைதான். விடியற்காலையில் இயந்திரத்தைச் சோதிக்கும் மாதிரி வாக்குப்பதிவுக்கு வந்து உட்கார்ந்து, மாலையில் எத்தனை வாக்குகள் பதிவாயின என்று காட்டும் 17சி படிவத்தின் நகலைக் கையில் வாங்கும்வரை எழுந்திருக்காத கட்சி முகவர் வேண்டும். பல கட்சிகளுக்கு மேடையில் நாற்காலி போதவில்லை, சாவடியில் உட்கார ஆளில்லை. அந்த நகல் இல்லாமல் மின்னணு இயந்திரத்தின் மேல் பழிபோடுவது வீண் பேச்சு.

உங்கள் வார்டு எதிர்க்கட்சிக்காரர் அடுத்த முறை பிரதமர் வேட்பாளரைப் பற்றிப் பேச்செடுத்தால், 2024-இல் தம் சாவடியில் வாங்கிய 17சி நகலைக் காட்டச் சொல்லுங்கள்.