நோட்ஸில் இல்லாத வரி

வணக்கம் சார்,

எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கும் நான்கு பெண்கள் மாலையில் வீட்டுக்கு வருகிறார்கள். நால்வருமே தமிழ்வழியில் படித்தவர்கள். கவிதையைப் பிரிப்பதே இல்லை, நோட்ஸை மனப்பாடம் செய்கிறார்கள். சொந்தமாக எழுதச் சொன்னால் வாக்கியத்துக்கு இரண்டு பிழை. முதலில் இலக்கணத்தை முடித்துவிட்டு இலக்கியத்துக்குப் போகலாமா?

ம., மன்னார்குடி

அன்புள்ள ம.,

இலக்கணத்தை முடித்துவிட்டு இலக்கியத்துக்கு வந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அது முடிகிற காரியமா! கவிதையிலேயே ஆரம்பியுங்கள்.

அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டின் ‘தி ரோட் நாட் டேக்கன்’ எப்படியும் அவர்கள் கண்ணில் பட்டிருக்கும். காட்டில் பிரியும் இரண்டு பாதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போகிறவர் பேசுகிற கவிதை. பலரும் போகாத பாதையில் போ, ஜெயிப்பாய் என்றுதான் நோட்ஸ் சொல்லும். அதை மூடிவைத்துவிட்டு நடுவிலுள்ள இரண்டு பத்திகளை வாசிக்கச் சொல்லுங்கள். இந்தப் பாதையில் புல் மண்டியிருக்கிறது என்று தொடங்குகிறவர், அடுத்த மூச்சிலேயே, தேய்ந்த அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறார். அன்று காலை இரண்டிலுமே மிதிபடாத இலைகள். அப்புறம் ஏன் ‘ஆள் நடமாட்டம் குறைந்த பாதையில் போனேன்’ என்று முடிக்கிறார்? வெகுகாலம் கழித்துப் பெருமூச்சோடு அப்படிச் சொல்லிக்கொள்வேன் என்கிறார், அவ்வளவுதான். எந்த வழியில் போனாலும் மற்ற வழியில் போயிருக்கலாமே என்று ஏங்குகிற நண்பர் எட்வர்ட் தாமஸைச் சீண்டி எழுதியது அது. 1915இல் பத்திரிகையில் வந்தது. சீண்டல் என்பது தாமஸுக்கே முதலில் பிடிபடவில்லை. உங்கள் மாணவிகளிடம் இதைச் சொல்லுங்கள், தெம்பாக இருக்கும்.

“அப்போ அவர் பொய் சொல்றாராக்கா?” என்று ஒருத்தி கேட்டுவிட்டால் கட்டுரை கிடைத்துவிட்டது. தமிழிலேயே சண்டை போடட்டும். பிறகு ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம், என்ன சொன்னாலும் கவிதையிலிருந்து ஒரு வரியைச் சாட்சிக்கு இழுத்துவர வேண்டும்.

அந்த ஐந்தில் பத்துப் பிழை இருக்கும். எல்லாவற்றையும் திருத்தாதீர்கள். என் முதல் கட்டுரை முழுக்கச் சிவப்பு மையோடு திரும்பி வந்தது, ஆறு மாதம் பேனாவைத் தொடவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வகைப் பிழை போதும். ‘ஷி ஹாஸ் கம் எஸ்டர்டே’ என்று எழுதுகிறவள் அசட்டையாக எழுதவில்லை. ‘நேற்று வந்திருக்கிறாள்’ என்பது தமிழில் சரிதானே, அதைத்தான் அப்படியே மாற்றியிருக்கிறாள். அந்த ‘ஹாஸ்’ வினை ‘எஸ்டர்டே’ மாதிரி முடிந்துபோன நேரத்தோடு ஒட்டாது, ‘ஷி கேம்’தான் வரும். ‘டிஸ்கஸ் அபவுட்’டும் இதே கதை. ‘டிஸ்கஸ்’ஸுக்கு ‘அபவுட்’ தேவையில்லை, நம்முடைய ‘பற்றி’ கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் சட்டென்று புரியும். ‘ஏ’, ‘தி’ விவகாரத்தைக் கடைசிக்கு வையுங்கள், எனக்கே இன்னும் இடறுகிறது.

நோட்ஸைக் கொளுத்தவும் வேண்டாம். ஆசிரியர் குறிப்புக்கும் காலவரிசைக்கும் பரீட்சைக்கு முந்தைய இரவில் அது உதவும்.

நால்வரும் எழுதும் முதல் ஐந்து வாக்கியங்களை எனக்கு அனுப்புங்கள். திருத்தாமல்.