திராட்சைச் சாறும் இன்னொரு வில்லையும்

அன்புள்ள அம்மா,

பள்ளிக் கண்காட்சிக்கு உங்கள் மகள் செய்த சோதனையை நீங்கள் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள், பெரிதாக்கிப் பார்த்தேன். அகார் தட்டு (கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டு) முழுக்கப் பாலாடை மாதிரி பாக்டீரியா படர்ந்திருக்கிறது. நடுவில் கிஸ்மிஸ் திராட்சைச் சாற்றில் நனைத்த வடிதாள் வில்லை, அதைச் சுற்றிச் சட்டைப் பொத்தான் அளவுக்குக் கிருமி வளராத ஒரு தெளிந்த வளையம். இதைப் பார்த்த நாளிலிருந்து மகள் 'நீட் வேண்டாம், மைக்ரோபயாலஜிதான் (நுண்ணுயிரியல்)' என்கிறாள், உங்களுக்குத் தூக்கம் போயிற்று. சரி.

திராட்சை கிருமியைத் தடுக்கும் என்று அவள் சொன்னது பொய்யில்லை. 2005இல் சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகப் பல் மருத்துவக் கல்லூரியில் கிறிஸ்டின் வூ குழுவினர், உலர் திராட்சையில் இருக்கும் ஒலியனாலிக் அமிலம், பல்லைச் சொத்தையாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுப்பதாக அறிவித்தார்கள். ஆய்வுக்குப் பணம் தந்தது கலிஃபோர்னியாவின் உலர் திராட்சை விற்பனை வாரியம். அதனாலேயே முடிவு தவறாகிவிடாது. ஆனால் யார் பணம் என்று பார்க்கும் பழக்கம் இப்போதே வந்தால் நல்லது.

இன்று இரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவளிடம் ஒன்று கேளுங்கள்: "சாற்றை எதில் எடுத்தாய்?" ஆல்கஹாலில் என்றால், ஆல்கஹாலே கிருமியைக் கொல்லும். ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் ஆல்கஹால் தொட்ட வில்லை ஒன்று பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். தண்ணீரில் என்றால், ஒலியனாலிக் அமிலம் தண்ணீரில் கரையவே கரையாது எனலாம். அப்போது அந்த வளையம் திராட்சையின் புளிப்பால்கூட வந்திருக்கலாம். படத்தில் இருப்பது ஒரே ஒரு வில்லை.

இதைக் கேட்டு முகம் சுருங்கினால், அவளுக்குப் பிடித்தது கண்காட்சியின் கைதட்டல். "அட, ஆமாம்மா, திங்கட்கிழமை திரும்ப வைக்கிறேன்" என்றால், தாராளமாக விடுங்கள். இந்த வேலையில் பாதி, ஒரே தட்டைத் திரும்பத் திரும்ப வைத்து மறுநாள் வரை காத்திருப்பதுதான்.

படிப்புக்கு வருவோம். வெறும் பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜியோடு நிறுத்தினால் பால், மசாலா, மருந்து கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை கிடைக்கும், சம்பளம் மெதுவாகத்தான் ஏறும். எம்.எஸ்ஸி., அப்புறம் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) தகுதி வாங்கினால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் வரும். பயோ-மேத்ஸ் குரூப் என்பதால் இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது: தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பி.டெக். உணவுத் தொழில்நுட்பம், ஜே.இ.இ. மெயின் என்ற பொறியியல் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் சேரலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் அந்தப் படிப்பு உண்டு. பழத்தில் இருக்கும் பொருளே பிடிக்கிறது என்றால் பி.ஃபார்ம். நல்ல வழி, மூலிகை மருந்தியல் அதில் ஒரு பாடம். அத்திசையில் போகிறவள் கிஸ்மிஸோடு நிற்க மாட்டாள், வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் கடுக்காயையும் உடைத்துப் பார்ப்பாள்.

நீட்டையும் பகையாக்க வேண்டாம். எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. மைக்ரோபயாலஜி படிக்க முடியும் என்பது பல வீடுகளில் தெரிவதில்லை. ஆனால் அங்கே தட்டில் வருவது நோயாளியின் சளியும் சிறுநீரும்தான், திராட்சை வராது. அதையும் சொல்லிவிடுங்கள். இந்த வருடம் நீட், ஜே.இ.இ. இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

தட்டைத் திரும்ப வைத்தால் படம் அனுப்பச் சொல்லுங்கள். இந்த முறை இரண்டு வில்லை இருக்கட்டும்.