கைவேலைக் கேள்வி பதில்: ராத்திரி 11 மணிக்கு யாரு பசை தடவுறது?

லீவு விட்டாச்சு, அதனால இந்த மாசம் வந்த கேள்வி பாதிக்கு மேல பிள்ளைங்க கைவேலை பத்திதான். எல்லாத்துக்கும் எழுத இடம் பத்தாது, ஒரே மாதிரி கேட்டவங்களுக்கு ஒண்ணா சேத்து பதில் சொல்லிருக்கேன்.

அக்கா, என் பையன் ரெண்டாங்கிளாஸ். வேஸ்ட் பொருள்ல ஏதாச்சும் செஞ்சு கொண்டு வரச் சொல்லி மாசாமாசம் ஸ்கூல்ல கேக்குறாங்க. நான் கடைக்குப் போய் கிளிட்டர் ஷீட், சம்கி, கலர் சார்ட்டுன்னு 300 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்து, அவன் தூங்கினப்புறம் ராத்திரி 11 மணிக்கு நானே உக்காந்து ஒட்டிட்டு இருக்கேன். வேற வழி இருக்கா? - ஒரு அம்மா, திருப்பூர்

இருக்குமா. முதல்ல அந்த ராத்திரி வேலைய இன்னைக்கோட நிறுத்திடுங்க. இத நான் உரிமையோட சொல்றேன், ஏன்னா நானும் இதே தப்ப பண்ணிருக்கேன். என் பொண்ணு காஞ்ச இலையில மீன் ஒண்ணு ஒட்டி வச்சிருந்தா, வால் கோணலா இருக்கேன்னு அவ தூங்கினதும் பிச்சு நேரா ஒட்டிட்டேன். மறுநாள் கிளாஸ்ல நல்லா இருக்குன்னு சொன்னதுக்கு "இது எங்கம்மா செஞ்சது"ன்னு சொல்லிட்டு வந்துட்டா. பொய் ஒண்ணும் சொல்லலியே பாவம். அதுலேர்ந்து அவ செய்றதுல நான் கை வைக்கிறதே இல்ல, கத்திரிக்கோல் நுனியும் அடுப்பும் மட்டும்தான் என் பொறுப்பு.

திருப்பூர்ல இருந்துட்டு நீங்க கடைக்குப் போறீங்களேன்னுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு. பனியன் கட்டிங் வேஸ்ட் உங்க ஊர்ல இல்லாத தெரு உண்டா? அத ஒரு விரல் அகலத்துக்கு நீளநீளமா வெட்டிக் குடுங்க, பையன் ரெண்டு முனையையும் புடிச்சு நல்லா இழுக்கட்டும், துணி தானா உள்பக்கமா சுருண்டு கயிறாயிடும். பனியன் துணி பின்னல் துணிங்கிறதாலதான் அப்படி சுருளுது, சட்டைத் துணியில வராது (ஒரு பக்கமா வெட்டி சுருளலைன்னா அடுத்த பக்கமா வெட்டிப் பாருங்க). மூணு கயித்த ஜன்னல் கம்பியில கட்டி ஜடை பின்னச் சொல்லுங்க. அது கையில கட்டுற பேண்டும் ஆகும், பம்பரமா சுத்தி நாலு தையல் போட்டுக் குடுத்தா டம்ளர் வைக்கிற மேட்டும் ஆகும். மிச்சத் துண்டையெல்லாம் உருட்டி உள்ள வச்சு, மேல ஒரு துணியப் போத்தி கழுத்துல கட்டுனா பொம்ம. ஊசியே வேணாம். கண்ணு மூக்கு பேனாவால அவனே வரையட்டும், ஒரு கண்ணு மேல ஒரு கண்ணு கீழ இருந்தாலும் அப்படியே கொண்டுபோய் குடுங்க. இத மட்டும் கேளுங்க.

பேரனும் பேத்தியும் சென்னையிலேர்ந்து வந்திருக்காங்க, நாள் பூரா போனே கதின்னு கிடக்குதுங்க. வீட்டச் சுத்தி தென்ன மரமும் பூவரசும்தான் நிக்குது. நாங்க சின்ன வயசுல என்னென்னமோ செஞ்சோம், இப்ப கை மறந்துபோச்சும்மா. - ஒரு தாத்தா, மன்னார்குடி பக்கம்

ஐயா, உங்க கடுதாசியப் படிச்சதும் எனக்கு அங்க ஓடி வந்துடணும்போல இருந்துச்சு. உங்ககிட்ட இருக்குற சாமான் எங்களுக்குக் காசு குடுத்தாலும் கிடைக்காது.

முதல்ல பூவரசம் பீப்பி. ரொம்பக் கொழுந்தும் வேணாம், முத்துன இலையும் வேணாம், நடுத்தரமா ஒரு இலை எடுத்து காம்பக் கிள்ளிட்டு, ஒரு ஓரத்துலேர்ந்து வெத்தல சுருட்டுற மாதிரி சுருட்டிக்கிட்டே வாங்க, ஒரு பக்கம் ஒடுக்கமா இன்னொரு பக்கம் அகலமா வரணும். ஒடுக்கமான முனைய ரெண்டு விரலால லேசா நசுக்கி, சின்னக் கீறல் மாதிரி ஆக்கிட்டு உதட்டுல வச்சு ஊதணும். சத்தம் வரலைன்னா நசுக்குனது பத்தலைன்னு அர்த்தம், இல்ல சுருள் ரொம்ப இறுக்கமா இருக்கும். சின்ன இலை கீச்சுனு கத்தும், பெரிய இலையா ரெண்டு மூணு சேத்து சுருட்டுனா குரல் தடிக்கும். நசுக்குன ரெண்டு இலை உதடும் படபடன்னு அடிச்சுக்கிறதாலதான் சத்தம் வருது, நாதஸ்வரத்துல வாயில வச்சு ஊதுற சீவாளி செய்ற வேலையும் இதேதான். அத பிள்ளைங்ககிட்ட சொல்லிப்பாருங்க, உங்க பக்கத்துல கோயில்ல வாசிக்கிறவர் யாராவது இருந்தா சீவாளிய மட்டும் தனியா ஊதிக் காட்டச் சொல்லுங்க, அதுங்க முகத்தப் பாக்கணும் அப்ப.

அடுத்தது ஓலைக் காத்தாடி. ஈர்க்கு உரிச்ச ஓலை நாலு துண்டு, ஒவ்வொண்ணையும் ரெண்டா மடிச்சுக்கணும். ஒண்ணோட மடிப்புக்குள்ள அடுத்தத வைக்கணும், அதுக்குள்ள மூணாவது, நாலாவத மட்டும் முதல் துண்டோட மடிப்பு ஓட்டைக்குள்ள நுழைச்சு நாலையும் ஒரே நேரத்துல மெதுவா இழுத்தா நடுவுல அழகா ஒரு சதுர முடிச்சு விழும். இந்த இடத்துலதான் உங்க கை தானா ஞாபகப்படுத்திக்கும் பாருங்க, தலைக்கு மறந்தது விரலுக்கு மறக்காது. நாலு வால் நாலு பக்கம் நீட்டிட்டு இருக்கும், எல்லாத்தையும் ஒரே திசையில லேசா திருக்கி விட்டு, நடுவுல ஈர்க்கு குத்தி, ஓட்டைய கொஞ்சம் லூசாக்கி விடுங்க. தட்டையா இருந்தா சுத்தாது, திருக்கலே முக்கியம். முன்னாடி பின்னாடி கழண்டு வராம இருக்க சின்ன களிமண் உருண்டை. புடிச்சிக்கிட்டு வாய்க்கால் வரப்புல ஓடுனா போதும். இதே சதுர முடிச்சுல எதிரெதிர் ரெண்டு வால நீளமா விட்டு மத்த ரெண்ட வெட்டிட்டா கைக்கடிகாரம், அது பேத்திக்கு.

ஒண்ணு மட்டும். காட்டாமணக்குக் காம்ப ஒடிச்சு அதுல வர்ற பால்ல குமிழி விட்டு ஊதுவோமே, அத இப்ப சொல்லிக் குடுக்காதீங்க. அதோட பால் கண்ணுல பட்டா எரியும், கொட்டைய விவரம் தெரியாம பிள்ளைங்க தின்னுட்டா வாந்தி பேதி ஆயிடும். சோப்புத் தண்ணியில ஈர்க்க வளையமா கட்டி முக்கி ஊதுனா அதவிடப் பெருசா வரும்.

வீட்ல பசை காச்சுறது எப்படி? ரெண்டே நாள்ல பூசணம் புடிச்சுடுது. மயில்துத்தம் போடலாமா? - ஒரு வாசகி, சேலம்

போடக்கூடாது. புத்தக பைண்டிங், போஸ்டர் ஒட்டுறவங்க பூச்சி வராம இருக்கப் போடுவாங்க, அது விஷம், சின்னப் பிள்ளைங்க விரல வாயில வைக்கிற வீட்டுல அது இருக்கவே கூடாது. ரெண்டு ஸ்பூன் மைதாவ பச்சத் தண்ணியில கட்டியில்லாம கரைச்சு, கொதிக்கிற ஒரு டம்ளர் தண்ணியில ஊத்தி சின்னத் தீயில கிண்டுங்க. வெள்ள நிறம் மாறி கண்ணாடி மாதிரி பளபளப்பு வந்ததும் இறக்கிடணும். அன்னைக்குத் தேவையானத மட்டும் காச்சுங்க, மிச்சமானா பிரிட்ஜ்ல ரெண்டு மூணு நாள். பட்டம், பேப்பர் கவர் மாதிரி சின்ன வேலைக்கு நாலு பருக்க சோறே போதுமே.

எங்க பொண்ணுக்கு 9 வயசு. கொலுவுக்கு தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி அவளே ஒண்ணு செய்யணுமாம். முடியுமா அக்கா? - பெங்களூர்லேர்ந்து ஒரு அப்பா

தாராளமா முடியும், முட்டை ஓட்டுல. தள்ளிவிட்டா சாஞ்சு திரும்ப எந்திரிக்கிற தஞ்சாவூர் பொம்மையோட ரகசியம் பூரா அடியிலதான் இருக்கு, அடி உருண்டையா கனமா களிமண்ணுல இருக்கும், மேல காகிதக்கூழ்ல லேசா இருக்கும். கனம் எப்பவும் கீழ போகப் பாக்கும், அதனால எந்தப் பக்கம் சாச்சாலும் அடி திரும்ப நடுவுக்கு வந்து நின்னுடும். 

முட்டையோட கூர்மையான பக்கம் உச்சியில சின்னதா தட்டி ஓட்டை போட்டு, உள்ள இருக்குறத ஆம்லெட்டுக்கு ஊத்திக்குங்க. ஓட்ட சோப்புப் போட்டு உள்ளயும் வெளியயும் கழுவி ரெண்டு நாள் வெயில்ல காய வைங்க, ஈரம் இருந்தா நாறிடும். இப்ப ரெண்டு ஸ்பூன் காஞ்ச மணல் உள்ள போடுங்க. மணல் மட்டும் போட்டா ஓடிக்கிட்டே இருக்கும், பொம்மை சாஞ்ச பக்கமே படுத்துடும். அதுனால மெழுகுவத்திய உருக்கி மணல் மேல ஊத்தணும். இது உங்க வேலை, பொண்ணோடது இல்ல. ஊத்தி உறையுற வரைக்கும் முட்டை ஒரு சின்ன கிண்ணத்துல நெட்டுக்குத்தலா நேரா நிக்கணும், கொஞ்சம் சாஞ்சு உறைஞ்சுட்டா பொம்மை காலத்துக்கும் சாஞ்சேதான் நிக்கும். அப்படி ஆனாலும் தூக்கிப் போட்டுறாதீங்க, ஏன் சாயுதுன்னு அவளையே கண்டுபுடிக்கச் சொல்லுங்க. மேல பழைய நியூஸ் பேப்பர சின்னச் சின்னதா கிழிச்சு மைதா பசையில ரெண்டு மூணு அடுக்கு ஒட்டுனா ஓடு சீக்கிரம் உடையாது. தலைக்கு பேப்பர்ல கூம்பு, லேசா இருக்கணும், அங்க கனம் ஏறுனா கவுந்துடும். பெயிண்ட், பொட்டு, ஜரிக எல்லாம் அவ இஷ்டம்.

என் பையனுக்கு ஒட்டுறது, கலர் அடிக்கிறது எதுவுமே புடிக்கல. எதையாவது கட்டணும், நிக்க வைக்கணும், அதான் அவனுக்கு. - ஒரு அம்மா, நாகர்கோவில்

கொண்டக்கடலைய ராத்திரி ஊறப் போடுங்க. காலைல அத முடிச்சா வச்சு, தொடப்பத்து ஈர்க்க விரல் நீளத்துக்கு ஒடிச்சு குத்திக் குத்தி கட்டச் சொல்லுங்க (புதுத் தொடப்பம், இல்லைன்னா கழுவுனது). முதல்ல ஒரு சதுரம், ஒரு முக்கோணம். சதுரத்த மூலையில அமுக்கச் சொல்லுங்க, நசுங்கி கோணலாப் போயிடும். முக்கோணம் அசையாது. அப்புறம் சதுரத்துக்குள்ள குறுக்க ஒரு குச்சி வச்சுப் பாக்கச் சொல்லுங்க. இத ஒருதடவ கையால உணர்ந்துட்டான்னா செல்போன் டவரு, ரயில்வே பாலம் எல்லாத்துலயும் முக்கோணமாத் தேட ஆரம்பிச்சுடுவான். காஞ்சதும் கடலை சுருங்கி குச்சிய இறுக்கிப் புடிச்சுக்கும்.

அரவிந்த் குப்தான்னு ஒருத்தர், கான்பூர் ஐஐடில படிச்சவர், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வச்சு இதே மாதிரி செஞ்சு கிராமத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு கணக்கும் அறிவியலும் சொல்லிக் குடுத்தார், 2018ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. குப்பைன்னு நாம தூக்கிப் போடுறதுல அவர் செஞ்ச விளையாட்டுச் சாமான்களுக்கு கணக்கே இல்ல. நீங்க தீக்குச்சி எடுத்தீங்கன்னா மருந்த சுரண்டி எடுத்துட்டுக் குடுங்க.

3 வயசுப் பாப்பாவுக்கு என்ன குடுக்கலாம்? - ஒரு சித்தி, வேலூர்

பழைய பேப்பர், கிழிக்கிறதுக்கு. நிஜமா அதுவே பெரிய வேலை அதுக்கு. அப்புறம் ரெண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, பிசையுற அளவுக்குத் தண்ணி, மஞ்சத்தூளோ பீட்ரூட் சாறோ கலருக்கு. உப்பு ஜாஸ்திங்கறதால தின்ன விடாதீங்க, பக்கத்துலயே உக்காந்திருங்க. மணி, பட்டன், தெர்மாகோல் உருண்டை, குன்னிமுத்து எதுவும் கிட்ட வேணாம்.

ஆன்ட்டி, நானும் என் ஃப்ரெண்டும் தீப்பெட்டி போன் செஞ்சோம். சத்தமே கேக்கல. அவன் பேசுறது நேரா காத்துலதான் கேக்குது. - 4ஆம் வகுப்பு மாணவன், கோவில்பட்டி

தீப்பெட்டி ஊர்க்காரனே கேட்டுட்டியா, சந்தோஷம்டா தம்பி. முதல்ல நூலப் பாரு. தொங்குதா? தொங்குனா கேக்காது. நீ பேசும்போது பெட்டியோட அடி அதிரும், அந்த அதிர்வு நூல் வழியா ஓடணும், நூல் விறைப்பா இருந்தாதான் ஓடும். ரெண்டு பேரும் பின்னாடி பின்னாடி போயி நூல் நேர்கோடா நிக்கிற வரைக்கும் இழுங்க, பிய்யுற மாதிரி இழுத்துறாதீங்க. அப்புறம் நூல் நடுவுல கதவு, தூணு, உன் தங்கச்சி கை எதுலயும் படக்கூடாது, பட்ட இடத்துலயே சத்தம் செத்துடும். மூலைல திருப்பி அடுத்த ரூமுக்குக் கொண்டு போனீங்கன்னாலும் அதே கததான். நூல் முனைய பெட்டிக்குள்ள ஒரு தீக்குச்சித் துண்டுல கட்டு, மருந்து இல்லாத பக்கத்துத் துண்டு, அது நூல் உருவிட்டு வராமப் பாத்துக்கும். முடிச்சு நடுவுல இருக்கணும், ஓரத்துல இல்ல.

இன்னும் நல்லா கேக்கணும்னா தயிர் கப்பு இல்ல மெல்லிசான தகர டப்பா எடுத்துக்க, டப்பா விளிம்பு வெட்டும், அப்பாவ சுத்தியலால தட்டி மடிச்சுத் தரச் சொல்லு, ஓட்டையும் அவரே ஆணி வச்சு போடட்டும். கொட்டாங்குச்சியில முயற்சி பண்ணாத, அது கெட்டி, அதிராது. காத்துல கேக்குதுன்னு சொன்னியே, அதுக்கு ஒரு வழி இருக்கு: ரெண்டு பேரும் தெருவோட ரெண்டு பக்கமும் நின்னு, கிசுகிசுன்னு பேசுங்க. காதுல டப்பா வச்சிருக்கிறவனுக்கு கேட்டு, பக்கத்துல நிக்கிற தங்கச்சிக்கு கேக்கலைன்னா உன் போன் வேலை செய்யுது. என்ன பேசுனீங்கன்னு எனக்கு எழுதிப் போடு.