செஃப் வருவார் என்று விளம்பரம், போனால் ஆளே இல்லை: வழக்குப் போடலாமா?

கேள்வி: நாங்கள் கீழக்கரை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அண்ணன் துபாயிலிருந்து வந்திருந்தார். டிவியில் வரும் பிரபல செஃப் ஒருவரின் பெயரில் மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு கடற்கரை ரிசார்ட்டில் உணவகம் திறந்திருக்கிறார்கள். "இந்த வாரம் செஃப் நேரில் சமைத்துப் பரிமாறுகிறார்" என்று இன்ஸ்டாகிராமில் தமிழில் விளம்பரம் வந்தது. எங்கள் உம்மா அவர் நிகழ்ச்சியைத் தவறவிடவே மாட்டார். தலைக்கு 2,500 ரூபாய் வீதம் ஆறு பேருக்கு 15,000 ரூபாயை அண்ணன் தன் கார்டில் முன்பணமாகக் கட்டினார். செஃபுக்குக் கொடுக்க உம்மா தொதல் என்ற எங்கள் ஊர் இனிப்பைக் கிண்டி எடுத்து வந்தார். போனால், செஃபுக்குச் சென்னையில் ஷூட்டிங், வரவில்லை என்றார்கள். சாப்பாடும் சுமார்தான். தனியாக வாங்கிய சிங்கி இறாலுக்கு மெனுவில் விலை போடாமல் 'ஏபிஎஸ்' என்று மட்டும் இருந்தது. பில்லில் 4,200 ரூபாய். போதாததற்கு 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். எடுக்கச் சொன்னால், கம்பெனி விதி என்றார் மேனேஜர். கூகுளில் ரிவ்யூ எழுதினேன். அதை நீக்காவிட்டால் மானநஷ்ட வழக்கு என்று போனில் மிரட்டுகிறார்கள். அதே வாயால், இனிப் புகார் இல்லை என்று கையெழுத்துப் போட்டால் 5,000 ரூபாய்க்குக் கூப்பன் தருகிறோம் என்றும் சொல்கிறார்கள். அண்ணன் துபாய் திரும்பிவிட்டார். நான் வழக்குப் போட முடியுமா? செஃப் மீதும் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் எதை வைத்துப் போடுகிறீர்கள் என்பதில் முதலில் தெளிவாகிவிடுங்கள். சாப்பாடு சுமார் என்பதைப் புகாரின் முதல் வரியாக எழுத வேண்டாம். ருசி ஆளுக்கு ஆள் மாறும் என்று எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் மறைத்துவிடும். உங்கள் வழக்கின் உயிர், செஃப் வராததில்தான் இருக்கிறது. பாம்பனிலும் மண்டபத்திலும் நல்ல மீன் சாப்பாடு அந்த 2,500 ரூபாயில் ஒரு சின்னப் பங்குக்குக் கிடைக்கும். மீதியை நீங்கள் கொடுத்தது அவர் நேரில் வருவார், தன் கையால் சமைப்பார் என்ற வாக்குக்கு. வாக்கை விற்றுக் காசு வாங்கிவிட்டு, வாக்கு மட்டும் காற்றில் போனால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது தவறான விளம்பரம், நேர்மையற்ற வணிக நடைமுறை, சேவைக் குறைபாடு மூன்றுமே ஆகும்.

அவர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்பது நீங்கள் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டிலேயே தெரிகிறது. படத்தின் அடியில், செஃபின் வருகை அவரது நேரத்தைப் பொறுத்தது என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், நிபந்தனை வரி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. விளம்பரம் எந்த மொழியில் வாக்குத் தருகிறதோ அதே மொழியில் நிபந்தனையும் இருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும், முக்கியமாக, மேலே சொன்னதைக் கீழே மறுக்கக் கூடாது. உங்கள் விளம்பரத்தில் வாக்கு பெரிய எழுத்தில் தமிழில்; அதை மறுக்கும் வரி பொடி எழுத்தில் ஆங்கிலத்தில். உம்மாவைப் போன்றவர்கள் படிக்கவே முடியாத இடத்தில் அதை வைத்திருக்கிறார்கள். இதை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கும்போது அழுத்திச் சொல்லுங்கள்.

செஃப் பொறுப்பா? பில்லில் இருப்பது ரிசார்ட் கம்பெனியின் பெயர். ஜிஎஸ்டி எண்ணும் அவர்களுடையது. பணம் வாங்கியவர்கள் அவர்கள் என்பதால் முதல் எதிர்மனுதாரர் கம்பெனிதான். ஆனால் அதே விளம்பரத்தை செஃப் தன் சொந்தப் பக்கத்திலும் போட்டிருக்கிறார். ஆகவே அவரை இரண்டாம் எதிர்மனுதாரராகச் சேருங்கள். விளம்பரத்துக்கு முகம் கொடுப்பவர், சொல்லப்படுவது உண்மைதானா என்று தக்க கவனத்தோடு சரிபார்த்திருந்தால் தப்பிக்கலாம் என்கிறது சட்டம். சோப்புக்கு முகம் கொடுக்கும் நடிகருக்கு அந்தத் தற்காப்பு பொருந்தலாம். தான் வரப்போகிறோமா இல்லையா என்பது இவரைவிட வேறு யாருக்குத் தெரியும்? மத்திய ஆணையம் இப்படிப்பட்டவர்களுக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். அந்தப் பணம் உங்களுக்கு வராது. உங்களுக்கு வர வேண்டியதை மாவட்ட ஆணையத்தில்தான் கேட்க வேண்டும்.

சர்வீஸ் சார்ஜ் விஷயத்தில் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. மத்திய ஆணையம் 2022 ஜூலை 4-ஆம் தேதி வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைப்படி, எந்த உணவகமும் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, கொடுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது. உணவகச் சங்கங்கள் இதை எதிர்த்துப் போட்ட மனுக்களை 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறார்கள், அது வேறு. பில்லைப் பாருங்கள்: முன்பணம் 15,000, கூடுதல் ஆர்டர் 6,400, ஆக 21,400. அதன் மேல் சர்வீஸ் சார்ஜ் 2,140. பிறகு இரண்டையும் கூட்டி 5 சதவீதம் ஜிஎஸ்டி. அதாவது சர்வீஸ் சார்ஜுக்கும் 107 ரூபாய் வரி கட்டியிருக்கிறீர்கள். இந்த 2,247 ரூபாயைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிவு செய்யுங்கள். இந்தத் தொகை அங்கேயே திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

சிங்கி இறால் கொஞ்சம் பலவீனமான இடம். 'ஏபிஎஸ்' என்றால் அளவைப் பொறுத்து விலை. மீன் உணவகங்களில் இது வழக்கம்தான். ஆனாலும் எடை என்ன, விலை என்ன என்று சமைக்கும் முன் சொல்லியிருக்க வேண்டும். விலையைத் தெரிந்துகொள்வது நுகர்வோர் உரிமை. நீங்களும் கேட்கவில்லை என்பதால் இதைத் துணைப் புகாராக மட்டும் வையுங்கள். இன்னொன்று: பெருநாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வந்தது, அப்போது ஏது புது இறால், பழசைத்தான் போட்டிருப்பார்கள் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதவே வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகுகள் போய்க்கொண்டுதான் இருக்கும். நிரூபிக்க முடியாத ஒரு குற்றச்சாட்டு, நிரூபிக்க முடிந்த மற்றவற்றையும் கெடுத்துவிடும்.

ரிவ்யூவுக்கும் இதே அளவுகோல்தான். செஃப் வருவார் என்றார்கள், வரவில்லை, சர்வீஸ் சார்ஜை எடுக்க மறுத்தார்கள் என்பதெல்லாம் பில்லோடும் விளம்பரத்தோடும் நிற்கும் உண்மைகள். பொது நன்மைக்காகச் சொல்லப்படும் உண்மை அவதூறு ஆகாது என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவே விலக்கு அளிக்கிறது. ஆனால் "பித்தலாட்டக்காரர்கள்" என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்களே, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, இருந்தாலும் அதை மட்டும் இன்றே நீக்கிவிடுங்கள். மற்றதை யார் மிரட்டினாலும் நீக்க வேண்டியதில்லை.

பணம் கட்டியது அண்ணன் என்பது தடையே இல்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு சேவையை அனுபவித்தவரும் சட்டப்படி நுகர்வோர்தான். நீங்களோ உம்மாவோ மனுதாரராகலாம். அண்ணனிடம் கார்டு ஸ்டேட்மென்ட்டும், உங்களுக்காகத்தான் கட்டினேன் என்று ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் போதும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அவர்களோ நோட்டீஸ் கிடைத்த 30 நாளில், மிஞ்சினால் இன்னும் 15 நாளில், பதில் தாக்கல் செய்தாக வேண்டும்.

அதற்கு முன், விளம்பரம் இருக்கும் பக்கத்தைத் தேதியும் இணைய முகவரியும் தெரிய இன்றே படம் எடுத்து வையுங்கள். எப்போது வேண்டுமானாலும் அழித்துவிடுவார்கள். அந்தப் படங்களோடு, மின்னணு ஆதாரங்களுக்குச் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் கேட்கும் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் சேர்க்க வேண்டியிருக்கும். அப்புறம் கம்பெனிக்கும் செஃபுக்கும் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். முன்பணத்தில் நியாயமான ஒரு பங்கு, அந்த 2,247 ரூபாய், மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு என்று கேளுங்கள். ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று போகாதீர்கள். உம்மாவின் ஏமாற்றத்தை அவர் வாயாலேயே ஒரு பிரமாண வாக்குமூலமாக எழுதி வாங்குங்கள். தொதல் கிண்டி எடுத்துப் போனதையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். இழப்பீட்டை முடிவு செய்யும்போது அது கணக்கில் வரும்.

கூப்பன் காகிதத்தில் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். போட்டுவிட்டால், எல்லாம் தீர்ந்துவிட்டது என்று அதையே ஆணையத்தில் நீட்டுவார்கள். சமரசத்துக்கு நீங்கள் தயார் என்றால், கூப்பனாக வேண்டாம், பணமாகக் கேளுங்கள்; அது வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.