ஆறு துண்டிலும் ஒரே பேர்

கேள்வி: அக்கா, நான் காசிமேடு பக்கத்தில் குடியிருக்கிறேன். இருபது பேரை வைத்து மாதம் 2,000 ரூபாய் குலுக்கல் சீட்டு பிடிக்கிறேன். பதினாலு மாதம் முடிந்துவிட்டது, இன்னும் ஆறு பேர் எடுக்கவில்லை. அதில் ஒருத்தியின் வீட்டுக்காரர் விசைப்படகில் வேலை செய்கிறவர். தடைக்காலம் 61 நாளும் சும்மா இருந்துவிட்டு, கடலுக்குப் போன முதல் வாரமே கால் முறிந்து படுத்துவிட்டார். கந்து வட்டிக்காரன் தினமும் வாசலில் வந்து நிற்கிறான். இந்த மாதச் சீட்டு 40,000 அவளுக்கு விழுந்தால் தப்பித்துவிடுவாள். ஆறு துண்டிலும் அவள் பேரையே எழுதிப் போட்டுவிடலாமா என்று பார்க்கிறேன். மற்ற ஐந்து பேருக்கும் எப்படியும் அடுத்தடுத்த மாதம் கிடைக்கத்தான் போகிறது, யாருக்கும் ஒரு ரூபாய் நஷ்டம் கிடையாது. கல்லூரியில் தத்துவம் படிக்கும் என் தம்பி, "கான்ட் கணக்கில் அது தப்பு. விளைவைப் பற்றிப் பேச்சே இல்லை, கடமைதான் பேச்சு" என்கிறான். ஒருத்தி கண்ணெதிரே அழும்போது இது என்ன நியாயம், அக்கா? (பெயர் போட வேண்டாம்.)

பதில்: எழுதாதீர்கள். ஆனால் தம்பி சொன்ன அந்த ஒரு வரிக்காக மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அவர் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட் 1724-இல் கோனிக்ஸ்பர்க்கில் பிறந்தவர். அதுவும் ஒரு துறைமுக ஊர். அப்பா குதிரைச் சேணம் தைத்துப் பிழைத்தவர், ஆகவே கைமாற்றும் கடனும் தெரியாத வீடாக இருந்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன். 1785-இல் வந்த அவருடைய அறநூலில் ஒரு உதாரணம் இருக்கிறது. பணமுடையில் இருக்கும் ஒருவன், திருப்பித் தர முடியாது என்று தெரிந்தே "தந்துவிடுகிறேன்" என்று சொல்லிக் கடன் வாங்கலாமா? இதையே எல்லோருக்கும் பொதுவான விதியாக்கிப் பார் என்கிறார் கான்ட். வாக்குக் கொடுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள், சிரிப்பார்கள். நம்ப ஆளில்லாத ஊரில் பொய் வாக்கால் ஒரு காசு பெயராது. அந்த விதி தன்னைத்தானே தின்றுவிடுகிறது.

உங்கள் குலுக்கல் டப்பாவும் அப்படித்தான். ஆறு துண்டிலும் ஒரே பேர் எழுதும் வேலை பலிப்பதே, "டப்பாவில் ஆறு பேர் இருக்கிறார்கள்" என்று மற்றவர்கள் நம்பி உட்கார்ந்திருப்பதால்தான். சீட்டு பிடிக்கிற எல்லோரும் இப்படி எழுதலாம் என்று ஊருக்குத் தெரிந்தால், மறுநாள் உங்களிடம் யார் 2,000 ரூபாய் கொண்டுவந்து கொடுப்பார்கள்? அந்த நம்பிக்கையைச் செலவு செய்துதான் நீங்கள் உதவப் பார்க்கிறீர்கள்.

அப்புறம், "யாருக்கும் நஷ்டமில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒருத்தியின் கஷ்டம் உங்களுக்குத் தெரிகிறது, ஏனென்றால் அவளுடைய வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான். மீதி ஐந்து பேரில் எவளுடைய தாலி அடகுக்கடையில் இருக்கிறது, எவள் மாமியாருக்குத் தெரியாமல் கடன் அடைக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியுமா? கடமையைப் பேசும் தத்துவத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான். எல்லோருடைய வீட்டுக் கணக்கும் தெரிந்த கடவுள் மாதிரி நம்மை அது நடந்துகொள்ளச் சொல்வதில்லை. மனிதரை உன் காரியத்துக்கு வெறும் கருவியாக மட்டும் வைக்காதே என்று கான்ட் சொன்னதும் இங்கே சரியாகப் பொருந்துகிறது. அந்த ஐந்து பேரையும் ஒரு வார்த்தை கேட்காமல், அவர்கள் முறையை எடுத்து நீங்கள் தானம் பண்ணுகிறீர்கள்.

என் அம்மாவும் சீட்டு பிடித்தவர்தான், பழைய வண்ணாரப்பேட்டையில். துண்டை எடுக்க என்னைத்தான் உட்கார வைப்பார். எவர்சில்வர் டப்பாவுக்குள் கையை விடுவதற்கு முன் துண்டுகளைப் பிரித்து எல்லோருக்கும் காட்டிவிட்டு மறுபடி மடிப்பார். ஒருமுறை எங்கள் சித்திக்கே பெரிய அவசரம். அம்மா டப்பாவைத் தொடவில்லை, தன் வளையலை அடகு வைத்துக் கொடுத்தார். பணத்தை வாங்கிக்கொண்ட சித்தி இரண்டு வருஷம் பேசாமல் இருந்தாள், அது வேறு கதை.

அதே அம்மா, குடித்துவிட்டு அடிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரனிடம், "உன் பொண்டாட்டி திருவொற்றியூர் கோயிலுக்குப் போயிருக்கா" என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார். அந்தப் பெண் எங்கள் அடுப்படியில் அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அம்மா அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

கான்ட் இங்கேதான் இடறுகிறார். பிரெஞ்சு எழுத்தாளர் பெஞ்சமின் கான்ஸ்டன்ட் இதே மாதிரி ஒரு கேள்வியைக் கிளப்பினார்: கொலைகாரன் கதவைத் தட்டி, ஒளிந்திருக்கும் உன் நண்பன் எங்கே என்று கேட்டால்? 1797-இல் கான்ட் எழுதிய பதில், அப்போதும் பொய் சொல்லக் கூடாது என்பதுதான். எழுபது வயது தாண்டிய மனிதர், வாழ்க்கை முழுக்க யோசித்தவர். படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. விதியைக் காப்பாற்றி, அடுப்படியில் உட்கார்ந்திருப்பவளைக் காட்டிக்கொடுத்தால் அந்த விதி யாருக்கு? அவருக்காக வாதாடும் அறிஞர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வாதங்கள் ஒட்டவில்லை.

இரண்டு கடமைகள் மோதிக்கொண்டால் இந்தத் தத்துவம் திணறும். வாக்கைக் காப்பது கட்டாயக் கடமை. உதவுவதும் கடமைதான், ஆனால் யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதை உன் போக்குக்கு விட்டேன் என்கிறார் கான்ட். அதனால் டப்பாவை நேர்மையாகக் குலுக்கிவிட்டு, அவள் பக்கம் திரும்பாமல் வீட்டுக்குப் போகும் ஒருவர்கூட "நான் தப்பு எதுவும் செய்யவில்லை" என்று நிம்மதியாகச் சாப்பிட முடியும். உங்களுக்குத் தம்பி மேல் எரிச்சல் வந்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இதைச் சரிசெய்யப் பார்த்தவர் பிரிட்டிஷ் தத்துவவாதி டபிள்யூ. டி. ராஸ். 1930-இல் வந்த அவருடைய புத்தகத்தில், வாக்குக் காப்பது, செய்த தீங்குக்கு ஈடு செய்வது, நன்றி, நீதி, உதவி, தீங்கு செய்யாமை என்று கடமைகள் பலவாக நிற்கின்றன. எதுவும் எப்போதும் ராஜா இல்லை. இந்த இடத்தில் எது கனமோ அதைச் செய்ய வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தராசைக் கொடுத்தவர் எடைக்கல்லைக் கொடுக்கவில்லை. அதை உங்கள் மனசாட்சிதான் கொண்டுவர வேண்டும்.

வள்ளுவரிடமும் இந்த இரண்டு குரலும் கேட்கிறது. "பொய்ம்மையும் வாய்மை இடத்த" என்று அம்மாவின் பொய்க்கு இடம் கொடுக்கிறவர், "ஈன்றாள் பசிகாண்பான் ஆயினும்" சான்றோர் பழிக்கும் வேலையைச் செய்யாதே என்றும் சொல்லிவிடுகிறார். பெற்ற தாய் பசித்துக் கிடந்தாலும் என்றால், அது கான்ட்டுக்குக் குறைந்த கறார் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "கடமைக்கு வந்து தலையைக் காட்டிட்டுப் போனா" என்று நம் வீடுகளில் சொல்வது பாராட்டா? திட்டு. கான்ட் உயர்வாக வைத்ததை நம் பேச்சு கீழே வைத்திருக்கிறது. அவர் சொன்னது ஏனோதானோ வேலையை இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், கால் முறிந்தவனைப் பார்க்கப் போகிறவள் மனசில் கொஞ்சம் ஈரமும் இருக்கட்டும் என்று நம் சனம் எதிர்பார்ப்பதில் தப்பு தெரியவில்லை. உங்களுக்கு அது நிறையவே இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன். முதலில் அந்த ஆறாவது பெண்ணிடம், அவள் கஷ்டத்தை மற்றவர்களிடம் சொல்லலாமா என்று கேளுங்கள். சம்மதித்தால் ஐந்து வாசலுக்கும் போய், உள்ளதை உள்ளபடி சொல்லி, இந்த மாத முறையை விட்டுக்கொடுப்பார்களா என்று கேளுங்கள். குலுக்கல் அன்று ஆறு பேரையும் எழுதிப் போடுங்கள். ஒப்புக்கொண்டவர் பேர் வந்தால் பணம் கஷ்டத்தில் இருப்பவளுக்கு. ஒருத்தர் மறுத்தால் அவருக்கு ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தது இல்லையா, அது அப்படியே இருக்கும். மற்ற நாலு பேரின் வாய்ப்பு அந்தப் பெண்ணுக்குப் போகும். யாருடைய முறையையும் திருடாமல் ஆறில் ஐந்து வாய்ப்பு அவளுக்கு வந்துவிடுகிறது.

மறுத்தவர் பேரே வந்துவிட்டால்? அவருக்குத்தான் கொடுக்க வேண்டும். வயிறு எரியும், கொடுங்கள். அதன் பிறகு உங்கள் வளையலைப் பற்றி யோசிப்பது உங்கள் இஷ்டம்.

வட்டிக்காரனை மறந்துவிடாதீர்கள். அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இலிருந்தே சட்டம் இருக்கிறது. போலீசில் புகார் கொடுக்க அவளுக்குத் துணை தேவைப்படும். கையோடு உங்களுக்கும் ஒரு வார்த்தை: அனுமதியும் பதிவும் இல்லாமல் சீட்டு நடத்தக் கூடாது என்று 1982-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் சொல்கிறது. தெருவுக்குத் தெரு இது நடக்கிறது என்பதும் என் அம்மாவே செய்தார் என்பதும் தெரிந்துதான் சொல்கிறேன். இந்தச் சுற்றை வாக்குப்படி முடித்துக் கொடுங்கள், அடுத்ததை ஆரம்பிக்கும் முன் விசாரியுங்கள்.

ஐந்து பேரில் மீன் விற்கிறவர்கள் இருந்தால், சாயங்காலம் கூடையைக் கழுவிக் கவிழ்த்த பிறகு போங்கள். வியாபாரத்துக்கு நடுவில் போய் நின்றால் எந்தக் கேள்விக்கும் "இல்லை" என்றுதான் வாயில் வரும். தம்பியையும் கூட்டிப் போகலாம், கான்ட் பேரை எடுக்காமல் இருப்பார் என்றால்.